வீட்டுப் பத்திரத்தை எடுக்கும் முன்

எல்லோருக்கும் வணக்கம். மைக் இரைகிறது என்று பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள், கொஞ்சம் தள்ளி நின்றே பேசுகிறேன். மேடை ஏறுவதற்கு முன்னால் வாசலில் ஒருவர் என்னை நிறுத்தினார். தறி ஓட்டுகிறவர். மகளுக்குச் சென்னைப் பக்கம் ஒரு பெரிய நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில், அதாவது அரசுக் கவுன்சிலிங் இல்லாமல் தானே ஆள் சேர்க்கிற தனியார் டீம்டு யூனிவர்சிட்டியில், இடம் கிடைத்திருக்கிறதாம், கவுன்சிலிங்கில் போனால் அரசுப் பொறியியல் கல்லூரி ஒன்று கிடைக்கும் போலிருக்கிறதாம். "எதுல சார் சேர்க்கறது?" என்றார். அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள், பதில் சொல்லாமல் மேலே வந்துவிட்டேன். அதனால் நோட்டீஸில் போட்டிருக்கிற தலைப்பை ஓரமாக வைத்துவிட்டு, அவருக்கே பேசிவிடுகிறேன்.

நான் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்விக்கடன் கொடுத்திருக்கிறேன். அதே கடனை வசூலிக்க அதே வீட்டு வாசலில் போய் நின்றும் இருக்கிறேன். முதல் தடவை போனால் காப்பி தருவார்கள், இரண்டாம் தடவை போனால் அந்தப் பையன் உள்ளறையிலிருந்து வெளியே வரமாட்டான்.

சரி, கணக்குக்கு வருவோம். நான்கு வருஷத்துக்கு ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்து 22 லட்சம் என்று வையுங்கள். அப்பா நகையை விற்று, சீட்டு எடுத்து, மச்சானிடம் கேட்டு 7 லட்சம் புரட்டுகிறார். மீதி 15 லட்சம் கடன். 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாக ஈடு கேட்கும், நம்மிடம் ஈடு என்றால் வீட்டுப் பத்திரம், வேறென்ன இருக்கிறது? வட்டி பத்தரை சதவீதம். படிக்கிற காலத்திலும் அதற்கப்புறம் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி அதன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். வருஷத்துக்கு 3.75 லட்சமாக வாங்கினால், கட்ட ஆரம்பிக்கிற அன்றைக்கு 15 லட்சம் இருபதரை லட்சமாகியிருக்கும். பத்து வருஷத்தில் அடைப்பதென்றால் மாதம் ஏறக்குறைய 27,700 ரூபாய். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் வட்டி மானியம் இருக்கிறது, தகுதி இருந்தால் விடாதீர்கள், ஆனால் அதுவும் தவணை தொடங்கும் வரைக்குமான வட்டிக்குத்தான், அசலுக்கு இல்லை.

இப்போது சம்பளம். பெரிய ஐடி சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேர்கிறவருக்குப் பல வருஷமாகவே ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் தருகிறார்கள். பி.எஃப். எல்லாம் போகக் கைக்கு 25,000 வரும். தவணையோ 27,700. பிள்ளை வாடகை கொடுக்க வேண்டாமா, சாப்பிட வேண்டாமா? அப்பா திரும்பவும் தறியில் உட்கார வேண்டியதுதான். அதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. இருபத்திரண்டு வயதில் "இந்த வேலை எனக்குச் சரிப்படாது, ஆறு மாதம் படித்து வேறு பரீட்சை எழுதுகிறேன்" என்று சொல்கிற தைரியம், மாதா மாதம் ஐந்தாம் தேதி தவணை கட்டுகிற பிள்ளைக்கு வராது.

அதற்காகப் பெயருக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பெரிய இடத்தில் படித்துவிட்டு வந்து பேசுகிறார்கள். அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1976-ல் கல்லூரியில் சேர்ந்தவர்களை எடுத்துக்கொண்டு, ஒரே தரத்துக் கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களுக்குள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரிய கல்லூரிக்குப் போனவரும், இடம் கிடைத்தும் சாதாரணக் கல்லூரிக்குப் போனவரும் பின்னாளில் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் சம்பாதித்திருந்தார்கள். சரக்கு பிள்ளையிடம் இருந்திருக்கிறது, கட்டடத்தில் இல்லை. ஆனால் அந்த ஆய்விலேயே ஒரு விதிவிலக்கும் வந்தது: ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி உண்மையிலேயே கைகொடுத்திருந்தது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவின் சிநேகிதர்கள் பத்துப் பேர் இருப்பார்கள், தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரி சீனியர்தான் பெரியப்பா, சித்தப்பா எல்லாம்.

அப்படியானால் கடன் வாங்கிப் பெரிய இடத்துக்கே போகலாமே என்று கேட்பீர்கள். எந்தப் பெரிய இடம் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் பெயர் உள்ள இடம் பெரும்பாலும் விலையும் உள்ள இடம். நம் ஊரில் அப்படி இல்லை. சென்னையில் அரசின் கிண்டி பொறியியல் கல்லூரி 1794-ல் ஒரு சர்வே பள்ளியாகத் தொடங்கியது, இன்றைக்கும் அங்கே கட்டணம் தனியாரோடு ஒப்பிட்டால் சலிசுதான். ஐ.ஐ.டி.யில் குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள் என்றால் ட்யூஷன் ஃபீஸே கிடையாது, 5 லட்சம் வரை மூன்றில் ஒரு பங்கு கட்டினால் போதும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு முழுக்கத் தள்ளுபடி. இந்த மாதிரி இடத்துக்கு ஹாஸ்டலுக்கும் லேப்டாப்புக்கும் நாலைந்து லட்சம் கடன் வாங்குவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், பத்திரமும் பீரோவிலேயே இருக்கும். பைபாஸ் ஹோர்டிங்கில் நடிகரோடு சிரிக்கிற பெயர் வேறு, வேலைக்கு ஆள் எடுக்கிறவர் கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிற பெயர் வேறு.

எப்படிக் கண்டுபிடிப்பது? அட்மிஷன் ஆபீசில் ஏசி போட்டு ஜூஸ் கொடுப்பவரிடம் கேட்காதீர்கள். கல்லூரி வாசல் டீக்கடையில் நில்லுங்கள், உங்கள் மகள் சேரப்போகிற அதே டிபார்ட்மெண்டில் கடைசி வருஷம் படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். முதல் மாணவனின் சம்பளத்தைத்தான் பேனரில் அடிப்பார்கள். "வகுப்பில் நடுவில் நிற்கிறவனுக்கு என்ன கிடைத்தது தம்பி?" என்று கேளுங்கள்.

இன்னொன்று. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை, 2010-ல் இருந்து கொடுக்கிறார்கள், வீட்டில் இதற்கு முன் யாரும் பட்டம் வாங்காதவர்களுக்கு. அது கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான். மேனேஜ்மெண்ட் கோட்டாவுக்கு இல்லை, நிகர்நிலைக்கும் இல்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு, 2021-ல் பொறியியலுக்கும் வந்தது, கவுன்சிலிங்கில் அந்த இடம் கிடைத்தால் ஃபீஸும் ஹாஸ்டலும் அரசே கட்டுகிறது. பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வேறு. இவ்வளவையும் விட்டுவிட்டா அந்தப் பக்கம் போகிறோம் என்று பேப்பரில் எழுதிப் பாருங்கள்.

ஸ்காலர்ஷிப் என்றதும் மயங்கவும் வேண்டாம். ஒரு பையன் என்னிடம் ஒரு கடிதம் கொண்டுவந்தான், 50 சதவீதம் என்ற இடத்தில் மஞ்சள் ஹைலைட்டர் போட்டு, மடிப்புக் கலையாமல். இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: சலுகை ட்யூஷன் ஃபீஸுக்கு மட்டும், ஒவ்வொரு வருஷமும் எட்டரை சி.ஜி.பி.ஏ., அதாவது பத்துக்கு எட்டரை சராசரி, வேண்டும், அரியர் விழுந்தால் ரத்து. முதல் செமஸ்டரிலேயே கணக்கில் அரியர். இரண்டாம் வருஷம் முழு ஃபீஸ் கட்டச் சொன்னார்கள், பாதியில் விடவும் முடியாமல் அவன் அப்பா பத்திரத்தோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். முதல் நாளே அந்த இரண்டாம் பக்கத்தை நான் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை. கையெழுத்துப் போட்ட கை இதுதான்.

அவசரப்படுத்துவார்கள். கவுன்சிலிங் ஜூலையில்தான், ஆனால் ஏப்ரலிலேயே "இன்றைக்குக் கட்டாவிட்டால் சீட் போய்விடும்" என்று போன் வரும். கட்டிவிட்டீர்களா, பயப்படாதீர்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018-லேயே சொல்லியிருக்கிறது, கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும் விதி வைத்திருக்கிறது. மொத்தமும் திரும்புமா என்பது எந்தத் தேதியில் விலகுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, ஆகவே விலகுவதென்றால் நாள் கடத்தாமல் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

அந்த அண்ணன் எங்கே? அதோ, தூண் ஓரமாக. கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். மகளும் வந்திருக்கிறாளா? நல்லது, அவளையும் கூட்டிவாருங்கள், படிக்கப்போவது அவள்தானே. அந்தப் பல்கலைக்கழகத்தின் கடிதம் கையில் இருந்தால் கொடுங்கள், இரண்டு பக்கமும்.