வொர்க்-ஸ்டடி பணம் எப்போது கைக்கு வரும்? அமெரிக்கக் கல்லூரி நிதியுதவிக் கடிதத்தில் மாணவர் பங்கு

[திரையில்: நிதியுதவிக் கடிதம். ‘வொர்க்-ஸ்டடி: 2,400 டாலர்’ என்ற வரி பெரிதாகிறது]

வணக்கம். இந்த வரியைப் பார்த்ததும் பலர் கல்லூரிக் கட்டணத்தில் 2,400 டாலரைக் கழித்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். இது கல்லூரி தரும் பணம் இல்லை. வளாகத்தில் வேலை தேடிப் பிடித்து, செய்த மணி நேரத்துக்குச் சம்பளமாக வாங்க வேண்டிய பணம். 2,400 என்பது உச்சவரம்பு மட்டுமே. வேலை கிடைக்காவிட்டால் அந்த வரிக்கு மதிப்பே இல்லை.

ஒரு கணக்குப் போடலாம். இரண்டு செமஸ்டர் சேர்த்து 30 வாரம், மணிக்கு 12 டாலர் என்று வையுங்கள். வாரத்துக்கு 80 டாலர், அதாவது ஏழு மணி நேரம்கூட இல்லை. நூலக கவுன்டரில் இரண்டு மாலை உட்கார்ந்தால் முடிந்தது. படிப்பு கெடாது.

சிக்கல் தேதியில்தான். முதல் செமஸ்டர் பில் பெரும்பாலும் ஆகஸ்டிலேயே வந்துவிடும்; முதல் சம்பளம் செப்டம்பர் கடைசிக்கு முன் வந்தால் அதிர்ஷ்டம். அதனால் வொர்க்-ஸ்டடி பணத்தைப் புத்தகம், பஸ், கைச்செலவுக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். பில்லுக்கு வேறு வழி வேண்டும்.

[திரையில்: ‘கோடை விடுமுறைப் பங்கு: 2,000 டாலர்’]

கோடை விடுமுறையில் வேலை செய்து மாணவரே கட்ட வேண்டிய தொகை இது; சில கல்லூரிகள் இதையும் எதிர்பார்க்கும். அதே 12 டாலர் சம்பளத்தில் 167 மணி நேரம் போதும் என்று தோன்றும். ஆனால் வெளி வேலையில் சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரி என்று 7.65 சதவீதம் பிடிப்பார்கள். அதனால் சுமார் 180 மணி நேரம் உழைத்தால்தான் 2,000 கையில் நிற்கும். செமஸ்டர் நடக்கும்போது படிக்கும் கல்லூரியிலேயே வேலை செய்கிற மாணவருக்குப் பொதுவாக இந்தப் பிடித்தம் கிடையாது. மணிக்கு ஒரு டாலர் குறைவான வளாக வேலையைச் சட்டென்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சரி, அதிகமாகச் சம்பாதித்தால் உதவி குறையுமா? குறையலாம். அமெரிக்க மத்திய அரசு உதவிக்கான 2024-25 விதிப்படி, பெற்றோரைச் சார்ந்த மாணவரின் வருமானத்தில் 9,410 டாலர் வரை தொடவில்லை. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு டாலரிலும் 50 சென்ட் ‘நீங்கள் கட்ட முடியும்’ என்ற கணக்கில் ஏறும். வரம்பு ஆண்டுக்கு ஆண்டு மாறும். வொர்க்-ஸ்டடி சம்பளம் இந்தக் கணக்கில் சேராது. என்னைக் கேட்டால், இதன் நிஜமான சலுகையே அதுதான்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஃபேஃப்ஸா, அதாவது மத்திய அரசு நிதியுதவிக்கு ஆண்டுதோறும் நிரப்பும் படிவம், பார்ப்பது இரண்டு வருடம் முந்தைய வருமானத்தை. 2026 இலையுதிர் காலத்தில் சேர்ந்தால், 2026 சம்பளம் 2028-29 கல்வியாண்டின் உதவியில் எதிரொலிக்கும். 2028 ஜனவரிக்குப் பிறகு வாங்கும் சம்பளம், நான்கு வருடத்தில் பட்டம் முடிப்பவரின் ஃபேஃப்ஸா கணக்கைத் தொடவே தொடாது. நிறைய சம்பாதிக்கும் திட்டம் இருந்தால் அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

எஃப்-1 என்ற வெளிநாட்டு மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசின் வொர்க்-ஸ்டடி கிடையாது. வளாக வேலை செய்யலாம், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை.

கோடையில் வேலை கிடைக்கவில்லை, வீட்டில் உடல்நலப் பிரச்சினை என்றால் பில் தேதிக்கு முன்பே நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதுங்கள். மாதத் தவணை உண்டா என்று கேளுங்கள். வெளி ஸ்காலர்ஷிப் வந்தால் அதை முதலில் எதில் கழிப்பீர்கள் என்றும் கேளுங்கள். பல இடங்களில் மாணவர் பங்கிலோ வொர்க்-ஸ்டடியிலோதான் முதலில் கழிப்பார்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள்.