ப்ரீஎம்ப்ட்: தடுக்கிறது இல்ல, முந்திக்கிறது

வணக்கம் மக்களே. இன்னைக்கு ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்: ப்ரீஎம்ப்ட். நிறைய பேர் இதுக்குத் 'தடுக்கிறது'ன்னு அர்த்தம் எழுதி வச்சுக்கறாங்க. அங்கதான் சறுக்குது.

லத்தீன்ல 'ப்ரே'ன்னா முன்னால. 'எமெரே'ன்னா வாங்குறது, அதுக்கும் முந்தின பொருள், எடுக்கிறது. அப்போ, இன்னொருத்தர் கை வைக்கிறதுக்குள்ள நாம வாங்கிடறது. ப்ரீமியம்ங்கிற சொல்லும் இதே ரெண்டு துண்டு ஒட்டினதுதான்!

இங்கிலாந்துல அரண்மனைக்கு வேணுங்கிற சரக்கை ராஜாவோட ஆளுங்க எல்லாருக்கும் முன்னால, சந்தை விலைக்குக் கீழயே வாங்கிக்கலாம். அந்த உரிமைக்குப் பேர் ப்ரீஎம்ப்ஷன். 1660-ல பார்லிமென்ட் அதை ஒழிச்சுது. அமெரிக்காவுல 1841-ல ஒரு சட்டம் வந்துது. அரசு நிலத்துல முன்னாடியே குடியேறி வீடு கட்டிப் பயிர் வச்சவங்க, அது ஏலத்துக்கு வர்றதுக்குள்ள ஏக்கர் 1.25 டாலர் வீதம் 160 ஏக்கர் வரைக்கும் வாங்கிக்கலாம். மொத்தமே 200 டாலர். அந்த மண்ணுல பெரும்பகுதி பூர்வகுடிகள்கிட்ட இருந்து பறிச்சது, அதையும் சொல்லியாகணும். ப்ரீஎம்ப்ட்ங்கிற வினைச்சொல் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுலதான் பரவுச்சு, ப்ரீஎம்ப்ஷனை நறுக்கி எடுத்தது.

கம்ப்யூட்டர்லயும் இதே கதைதான். விண்டோஸ் 3.1-ல ஒரு ப்ரோக்ராம் தானா விட்டுக்கொடுத்தாத்தான் அடுத்த ப்ரோக்ராமுக்கு சிபியூ கிடைக்கும். ஒண்ணு மாட்டிக்கிட்டா எல்லாம் நின்னுடும். ப்ரீஎம்ப்டிவ் முறையில டைமர் இன்டரப்ட் (குறிச்ச நேரம் முடிஞ்சதும் சிபியூவுக்கு வர்ற மணி) அடிச்சதும் ஸ்கெட்யூலர், அதாவது யாருக்கு எப்போ முறைன்னு தீர்மானிக்கிற பகுதி, உள்ள வரும், ஓடுறதை நிறுத்தி வச்சுட்டு அடுத்ததை ஓட விடும். பிரிட்ஜ் சீட்டாட்டத்துல, ஒரே ஜாதியில 7 சீட்டு இருந்து கை பலமில்லன்னா, ஏலக் கேள்வியை ஒண்ணுல ஆரம்பிக்காம நேரா மூணுல தொடங்குவாங்க. எதிராளிங்க தங்களுக்குள்ள கேள்வி கேட்டுப் பேசிக்க இடம் ரொம்பக் குறைஞ்சுடும்.

இப்போ பிழை எங்க வருதுன்னு பாருங்க. 'மழையை ப்ரீஎம்ப்ட் பண்ணக் குடை எடுத்தேன்'னா இடிக்குது. மழையோட யாரும் போட்டி போடல. அது வருமுன் காக்கிறது, அதாவது நனையறதை ப்ரிவென்ட் பண்றது. 'அவங்க கேக்கப்போற கேள்வியை ப்ரீஎம்ப்ட் பண்ணி, கணக்கை முதல்லயே காட்டிட்டேன்', இது சரி. போர்ல இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். எதிரி இதோ அடிக்கப்போறான்னு தெரிஞ்சு முந்தி அடிச்சா ப்ரீஎம்ப்டிவ். என்னைக்கோ ஒருநாள் அடிப்பான்னு இன்னைக்கே அடிச்சா ப்ரிவென்டிவ். சர்வதேசச் சட்டத்துல ரெண்டும் ஒண்ணில்ல, செய்தி படிக்கும்போது எந்தச் சொல்லைப் போட்டிருக்காங்கன்னு கவனிங்க.

எழுதும்போது பிரிட்டிஷ் வழக்குல நடுவுல ஒரு சின்னக் கோடு உண்டு, அமெரிக்க வழக்குல பெரும்பாலும் கிடையாது.