கல்விக் கடன்: படிக்கும்போதே வட்டி கட்டினால் எவ்வளவு மிச்சம்?

எல்லோருக்கும் வணக்கம். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் வீட்டில் இரண்டே பேச்சுதான். எந்தக் காலேஜ், பணத்துக்கு என்ன வழி. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல யூடியூபில் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். நான் இரண்டாவதற்கு வருகிறேன். அதிலும் இன்று கல்விக் கடன் மட்டும்.

நம் வீடுகளில் பொதுவாக என்ன நடக்கிறது? முதல் செமஸ்டருக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போகும். அடுத்ததற்குச் சீட்டை ஏலம் எடுப்போம். அதற்கடுத்தது சித்தப்பாவிடம் கைமாற்று. நான்கு வருடப் படிப்பை ஒரே கணக்காகப் போட்டுப் பார்ப்பதே இல்லை. அதனால் கவுன்சலிங்கில் காலேஜைத் தேர்ந்தெடுக்கும் முன்பே ஒரு தாளில் எழுதுங்கள்: டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ், தேர்வுக் கட்டணம், பஸ், லேப்டாப், எல்லாம் கடைசி வருடம் வரை. மெஸ் பில் வருடா வருடம் ஏறும், அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

அதிலிருந்து கழிக்க வேண்டியதைக் கழித்துவிடுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தால் டியூஷனும் ஹாஸ்டலும் அரசு கட்டுகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் ஒற்றைச் சாளர கவுன்சலிங்கில் வாங்கும் சீட்டுக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். செல்வமகள் கணக்கு போட்டிருந்தால், பெண்ணுக்கு 18 வயது ஆனதும் அல்லது பத்தாம் வகுப்பு முடிந்ததும், முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த இருப்பில் பாதி வரை படிப்புக்கு எடுக்கலாம். இதெல்லாம் போக மிச்சம் நிற்பதற்குத்தான் கடன்.

வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டத்தில், இந்தியாவுக்குள் படிக்க 4 லட்சம் வரை நம் கையிலிருந்து பங்கு போட வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் 5 சதவீதம் நாம் போட வேண்டும். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது, கடன் உத்தரவாத நிதி அதற்குத்தான் இருக்கிறது. அதைத் தாண்டினால் வீட்டுப் பத்திரம் மாதிரி ஏதாவது கேட்பார்கள். பணம் நம் கைக்கு வராது. வருடா வருடம், மார்க் ஷீட்டும் காலேஜின் ஃபீஸ் ரசீதும் பார்த்து, நேராகக் காலேஜ் கணக்குக்குப் போகும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம் என்று வங்கியில் சொல்வார்கள். கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தப் போர்டைப் பாருங்கள், எழுதிக் காட்டுகிறேன்.

கடன் 6 லட்சம். வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வீதம் நான்கு தடவை வங்கி கொடுக்கிறது. வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வங்கியில் கூடக் குறைய இருக்கும், கணக்குக்கு இது வசதி. தவணை தொடங்கும் வரை வட்டிக்கு வட்டி கிடையாது, தனி வட்டிதான். முதல் ஒன்றரை லட்சத்துக்கு ஐந்து வருடம் வட்டி. அடுத்ததற்கு நான்கு, அதற்கடுத்ததற்கு மூன்று, கடைசித் தொகைக்கு இரண்டு. கூட்டினால் 2 லட்சத்து 10 ஆயிரம். ஆக, பிள்ளை வேலைக்குப் போய் முதல் தவணை கட்டும் நாளில் கடன் 6 லட்சம் இல்லை, 8 லட்சத்து 10 ஆயிரம். அன்றிலிருந்து முழுத் தொகைக்கும் வட்டி.

பத்து வருடத்தில் அடைப்பதாக வைத்தால் மாதத் தவணை சுமார் 10,700 ரூபாய். வட்டியைப் படிக்கும்போதே கட்டியிருந்தால் தவணை சுமார் 7,930 ரூபாய்தான். மாதம் 2,770 ரூபாய் வித்தியாசம். 120 மாதத்துக்குப் பெருக்கினால் 3 லட்சத்து 30 ஆயிரத்தைத் தாண்டுகிறது. அதாவது 2,10,000 ரூபாயைக் கட்டாமல் விட்டதற்கு, பின்னால் 3,30,000 ரூபாய்க்கு மேல் கட்டுகிறோம்.

படிக்கும்போது கட்டுவது எவ்வளவு என்று பார்த்தால், முதல் வருடம் மாதம் 1,250 ரூபாய். இரண்டாவது வருடம் 2,500. மூன்றாவது 3,750. நான்காவது வருடமும் அதற்குப் பின் வரும் ஒரு வருடமும் 5,000. முதல் இரண்டு வருடம் பெரும்பாலான வீடுகளால் சமாளிக்க முடிகிற தொகைதான். மூன்றாவது வருடத்துக்கு மேல் முடியவில்லையா, முடிந்ததை மட்டும் கட்டுங்கள், பாதி கட்டினாலும் அது லாபம்தான். இப்படி வட்டியை ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்குத் தவணை காலத்தில் 1 சதவீதம் வட்டி குறைக்கிற வங்கிகளும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் நான்கரை லட்சத்துக்குள் இருந்து, பிள்ளை தகுதியுள்ள கல்லூரியில் தொழில்முறைப் படிப்பு படித்தால், தவணை தொடங்கும் வரையான வட்டி முழுவதையும் மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. அவர்கள் வட்டி கட்ட அவசரப்பட வேண்டாம். ஆனால் பாதியில் படிப்பை விட்டால் அந்தச் சலுகை போய்விடும். 2024 நவம்பரில் அறிவித்த பிஎம் வித்யாலட்சுமி என்ற மத்திய அரசுத் திட்டத்தில் 8 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு, 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம். பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு மட்டும்தான், மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுக்குக் கிடையாது. இரண்டுக்குமே வருமானச் சான்று வேண்டும். ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துவிடுங்கள்.

வரிச் சலுகையைப் பற்றிச் சுருக்கமாக. பழைய வரி முறையில் இருப்பவருக்கு, கட்டிய வட்டி முழுவதும் வருமானத்தில் கழியும், உச்சவரம்பு இல்லை. ஆனால் வட்டி கட்டத் தொடங்கிய வருடத்திலிருந்து 8 வருடம் மட்டும். சீக்கிரம் கட்ட ஆரம்பித்தால் அந்த எட்டு வருடமும் சீக்கிரம் ஓடத் தொடங்கும். பெரிய சம்பளக்காரர்கள் இதை யோசிக்கட்டும். மற்றவர்களுக்கு மேலே சொன்ன 3,30,000 கணக்குத்தான் முக்கியம்.

அப்புறம், நிறைய அப்பாக்கள் கவனிக்காத ஒன்று. கடன் பிள்ளையின் பெயரில், பெற்றோர் கூட்டுக் கடன்தாரர்தான். தவணை தவறினால் இருவரின் சிபில் பதிவிலும், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் பதிவிலும், அது ஏறிவிடும். இருபத்து மூன்று வயதில் அந்தப் பதிவு விழுந்தால், நாளைக்கு அவன் வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். அதனால் வங்கிக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள், இந்தக் கணக்கை அவனே போடட்டும். வேலை கிடைக்கத் தாமதமானால் தவணை தவறும் முன்பே கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்துப் பேச வேண்டும். தவறிய பிறகு போனால் பேச்சின் தொனியே வேறு.

கடைசியாக, கிளையில் "உங்க ஏரியா இது இல்லை" என்று திருப்பி அனுப்பினால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். அந்தக் காரணத்துக்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. மறுப்பதாக இருந்தால் மேலதிகாரியின் ஒப்புதலோடு, காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். "எழுத்தில் கொடுங்கள் சார்" என்று மரியாதையாகக் கேளுங்கள். கல்விக் கடனுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி தளத்திலும் விண்ணப்பித்து, அந்த விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு போங்கள்.