ஓசோன் சிகிச்சை: "அரசு அங்கீகாரம்" என்றால் எதற்கு அங்கீகாரம்?

வணக்கம் மக்களே. போன வாரம் எங்கள் பெரியப்பா வாட்ஸ்அப்பில் ஓசோன் சிகிச்சை, அதாவது ஓசோன் வாயுவை உடம்புக்குள் செலுத்துகிற சிகிச்சை பற்றி ஒரு போஸ்டர் அனுப்பினார். "ஆபரேஷன் இல்லாமல் டிஸ்க் சரியாகும், சர்க்கரை நோய் குணமாகும், கேன்சருக்கும் தீர்வு" என்று கொட்டை எழுத்து, ஓரத்தில் "அரசு அங்கீகாரம் பெற்றது". கீழே அவர் கையால் ஒரு வரி: "எந்த கிளினிக் நல்லது, விசாரித்துச் சொல்லுப்பா." அவருக்கு ஒரு வருடமாக இடுப்பில் டிஸ்க் பிதுங்கி, வலி கால் வரைக்கும் இழுக்கிறது. அதனால் கிண்டல் பண்ணாமல் உட்கார்ந்து விசாரித்தேன்.

முதலில் அந்த போஸ்டர். கேன்சர், சர்க்கரை நோய் இதையெல்லாம் குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்வதே நம் நாட்டில் குற்றம், 1954-லேயே அதற்கு ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள், மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் என்று சொன்னால் பல பேருக்குத் தெரியும். சட்டத்தை மீறும் போஸ்டரிலேயே அரசு அங்கீகாரம் என்று போட்டிருக்கிறார்கள், அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடித்தது.

சரி, அப்போது அது பச்சைப் பொய்யா என்றால் அதுவும் இல்லை. நான் போன் செய்த ஒரு இடத்தில் சான்றிதழை வாட்ஸ்அப்பிலேயே அனுப்பினார்கள். பார்த்தால் அது கிளினிக் நடத்துவதற்கான பதிவு. தமிழ்நாட்டில் 1997 சட்டப்படி எல்லா கிளினிக்கும் நலப்பணிகள் இணை இயக்குநரிடம் பதிவு செய்ய வேண்டும். காய்ச்சலுக்கு ஊசி போடுகிற தெருமுனை கிளினிக்குக்கும் அதே பதிவுதான். இடம், ஆட்கள், வசதி இதைத்தான் அதில் பார்ப்பார்கள், ஓசோன் வேலை செய்யுமா என்று யாரும் பார்ப்பதில்லை. டாக்டரின் பதிவு எண் தனி. மெஷினுக்கான உரிமம் தனி, 2020 ஏப்ரலில் இருந்து எல்லா மருத்துவக் கருவியும் மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. இன்ன நோய்க்கு இந்தச் சிகிச்சை பலன் தரும் என்று நிரூபித்திருக்கிறார்களா என்பது இது மூன்றிலும் சேராத கேள்வி. நாம் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கிறோம், அவர்கள் முதல் காகிதத்தை எடுத்து நீட்டுகிறார்கள்.

இன்னொரு இடத்தில் ரிசப்ஷனில் இருந்த பெண், "சார், இது அமெரிக்கா எஃப்டிஏ அப்ரூவ்டு" என்றார். மக்களே, இதை மட்டும் நம்பாதீர்கள். எஃப்டிஏ என்பது அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. அது தன் விதியிலேயே எழுதி வைத்திருக்கிறது, ஓசோன் நச்சு வாயு, அதற்குத் தெரிந்த மருத்துவப் பயன் எதுவும் இல்லை என்று. அங்கேயும் ஓசோன் கிளினிக்குகள் இருக்கின்றன, ஏனென்றால் கருவியைப் பார்ப்பது எஃப்டிஏ, டாக்டரைப் பார்ப்பது அந்தந்த மாநில மருத்துவ வாரியம். கியூபாவில் அரசு ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கிறார்கள். ஆக ஒரு நாட்டைக் காட்டி இன்னொரு நாட்டில் அனுமதி என்று பேச முடியாது.

டிஸ்க் விஷயம் கொஞ்சம் வேறு, அதையும் சொல்ல வேண்டும். ஆக்சிஜனும் ஓசோனும் கலந்த வாயுவை, எக்ஸ்ரே மாதிரி ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, பிதுங்கின டிஸ்க்குக்குள் ஊசியால் விடுகிற முறை இத்தாலியில் பல வருடமாக நடக்கிறது, அதற்கு ஆய்வுகளும் இருக்கின்றன. ஓசோன் என்று சொல்லி நடப்பதில் கொஞ்சம் கனமான ஆதாரம் இருப்பது இந்தப் பக்கம்தான் என்பது என் கருத்து. ஆனால் அது வலி சிகிச்சை டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் செய்கிற வேலை. ரத்தத்தை எடுத்து ஓசோன் கலந்து திரும்ப ஏற்றி "உடம்பைச் சுத்தம் பண்ணுகிறோம்" என்பது வேறு கதை. வாயுவை நேராக ரத்தக் குழாயில் ஏற்றுவது அதைவிட மோசம், வாயுக் குமிழி அடைத்து உயிரே போகலாம். ஓசோன் சிகிச்சை செய்கிறவர்களே 2010-ல் மாட்ரிட்டில் கூடி வெளியிட்ட அறிக்கையில் அதைச் செய்யக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள்.

நான் எல்லா இடத்திலும் ஒரே கேள்வி கேட்டேன்: "ஜி6பிடி டெஸ்ட் எடுப்பீர்களா?" ஜி6பிடி என்பது ரத்தச் சிவப்பணுக்களில் இருக்கும் ஒரு என்சைம். அது குறைவாக இருப்பவர்களுக்கு ஓசோன் ஏற்றினால் சிவப்பணுக்கள் உடையும், அதனால் முன்னாலேயே பார்த்தாக வேண்டும். ஒரு இடத்தில் "அப்படியென்றால் என்ன சார்?" என்றார்கள். ஒரு இடத்தில் "பத்து சிட்டிங் பேக்கேஜ் எடுத்தால் ஃப்ரீ" என்றார்கள். மூன்றாவது இடத்தில்தான் டாக்டரே லைனுக்கு வந்து, "எம்ஆர்ஐ பார்க்காமல் ஓசோன் வேண்டுமா வேண்டாமா என்று நான் சொல்ல முடியாது" என்றார். அவர் பதிவு எண்ணை மருத்துவக் கவுன்சில் தளத்தில் போட்டுப் பார்த்தேன், இருக்கிறது. வெள்ளிக்கிழமை பெரியப்பாவை அங்கே கூட்டிப் போகிறேன். என்ன சொன்னார் என்று அடுத்த வீடியோவில் சொல்கிறேன்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் விளக்கி முடித்ததும் அவர் கேட்டது: "நம் வீட்டில் காய்கறி கழுவுகிற மெஷினிலும் ஓசோன்தானே வருகிறது, அதன் குழாயை இடுப்பில் வைத்தால்?" பெரியம்மா உடனே மெஷினைத் தூக்கிப் பரண் மேல் வைத்துவிட்டார்.