ஃப்ரிட்டாட்டா: அவசரப்பட்டால் கெட்டுப்போகும் முட்டை அடை

[காட்சி: தட்டின் மேல் கவிழும் வாணலி]

ஏதாவது காரியம் கெட்டுப்போனால் இத்தாலிக்காரர்கள் "ஃப்ரிட்டாட்டா ஆகிவிட்டது" என்பார்கள். இனி மாற்ற முடியாது என்று அர்த்தம். பேச்சில் பழியை நைசாக அடுத்தவர் தலைக்குத் திருப்புகிறவரை "ஃப்ரிட்டாட்டாவைப் புரட்டுகிறான்" என்பார்கள். இன்று நமக்கும் கஷ்டமான இடம் அந்தப் புரட்டல்தான்.

பிரெஞ்சு ஆம்லெட் சட்டென்று வெந்து மடிந்துவிடும். ஃப்ரிட்டாட்டா அப்படியில்லை. காய் முட்டையோடு கலந்தே வேகும், தீ குறைவாக இருக்கும், மடிப்பதும் கிடையாது.

[காட்சி: சுக்கினி வட்டங்கள் வதங்குகின்றன]

24 சென்டிமீட்டர் ஒட்டாத வாணலிக்கு 6 முட்டை, 2 சுக்கினி (பார்க்க வெள்ளரிக்காய் போலிருக்கும் பூசணி வகைக் காய்), ஒரு வெங்காயம், கைப்பிடி துருவிய பார்மிஜானோ சீஸ். சுக்கினியில் பெரும்பகுதி தண்ணீர்தான். பச்சையாகவே முட்டையில் போட்டால் அந்தத் தண்ணீர் வேகும்போது வெளியே வந்து அடியில் தேங்கும். அதனால் ஆலிவ் எண்ணெயில் வெங்காயத்தோடு வதக்குங்கள். ஈரம் சுண்டி, ஓரம் லேசாகச் சிவக்க வேண்டும். அப்புறம் தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். காளானுக்கும் இதே கதைதான். கீரை என்றால் வதக்கிப் பிழிந்துவிடுங்கள்.

முட்டையை முள்கரண்டியால் கலந்தால் போதும். நுரை பொங்க அடித்தால் அடுப்பில் பன் மாதிரி உப்பும், இறக்கியதும் அமுங்கிவிடும். சீஸிலேயே உப்பு இருக்கிறது, பார்த்துப் போடுங்கள்.

[காட்சி: கலவை வாணலியில் விழுகிறது]

எண்ணெய் நன்றாகச் சூடானதும், ஆறிய காயும் சீஸும் சேர்த்த முட்டைக் கலவையை ஊற்றி, ஓரம் பிடித்தவுடன் சிம்மில் வைத்து மூடிவிடுங்கள். தீ அதிகமானால் அடி கருகும், நடு பச்சையாகவே நிற்கும். சுமார் பத்து நிமிடத்தில் மேலே கொஞ்சம் மட்டும் தளதளவென்று ஆடும். அதுதான் புரட்டும் நேரம்.

முதலில் வாணலியைக் குலுக்குங்கள். மொத்தமும் ஒன்றாக வழுக்க வேண்டும். வழுக்கவில்லையா? கரண்டியால் ஓரத்தைச் சுற்றி விடுவியுங்கள். வாணலியைவிடப் பெரிய தட்டைக் கவிழ்த்து மூடி, துணியால் பிடித்து, ஒரே வீச்சில் திருப்புங்கள். நான் முதல் தடவை பாதி வழியில் பயந்து நிறுத்தினேன், முட்டை முழங்கை வரை வழிந்தது. அன்றிலிருந்து சிங்க் மேல் நின்றுதான் திருப்புகிறேன். பிறகு தட்டிலிருந்து திரும்ப வாணலிக்குச் சரித்து, மூன்று நிமிடம்.

உலோகக் கைப்பிடி வாணலி இருந்தால் ஓவன் கிரில்லுக்குக் கீழே வைத்தும் முடிக்கலாம். சுலபம்தான். ஆனால் இரண்டு பக்கமும் எண்ணெயில் சிவக்கும் ருசி அதில் வராது.

[காட்சி: ஸ்பகெட்டி ஃப்ரிட்டாட்டாவின் குறுக்குவெட்டு]

எனக்குப் பிடித்தது தெற்கு இத்தாலியின் நேப்பிள்ஸ் பக்கத்து ஃப்ரிட்டாட்டா. நேற்று மீந்த ஸ்பகெட்டியைச் சாஸோடு அப்படியே முட்டையில் பிசைந்து, வாணலியில் அழுத்திப் போடுவார்கள். அங்கே காய் வதக்கும் வேலையே இல்லை. ஆனால் ஓரத்து நூல்கள் மொறுமொறுவென்று ஆகும்வரை, சுக்கினிக்குக் காத்திருந்ததைவிட அதிகமாகக் காத்திருக்க வேண்டும். ஆறியதும் கேக் போலத் துண்டு போட்டு, கடற்கரைக்குக் கட்டிக்கொண்டு போவார்கள். தட்டும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம், கையில் பிடித்துக் கடிக்கலாம்.