பேய் எந்தக் கதவு வழியாக வரும்? கோத்தகிரியிலிருந்து ஒரு பேய்ப்பட ரசிகன்

(திரையில்: கொண்டை ஊசி வளைவில் ஏறும் கார். சுற்றிலும் பனிமூட்டம்.)

வணக்கம். கார் மலையேறுகிறது. கணவன் ஓட்டுகிறான். மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துப் புன்னகைக்கிறாள். சாலை முடியும் இடத்தில் ஒரு பழைய பங்களா. கம்பளி போர்த்திய காவல்காரர் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்து, "மாடி அறையை மட்டும் திறக்காதீர்கள்" என்கிறார். எந்தப் படம் என்று நான் சொல்லவில்லை. அதற்குள் உங்களுக்கு நாலைந்து பெயர்கள் தோன்றியிருக்கும்.

2002இல் வந்த 'ராஸ்' என்ற இந்திப் படம் ஊட்டியை வட இந்தியா முழுவதற்கும் பேய் ஊராக அறிமுகம் செய்துவைத்தது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ படக்குழுக்கள் நீலகிரிக்கு வந்து, பனிமூட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போயிருக்கின்றன.

நான் கோத்தகிரியில் இருக்கிறேன். பேய்ப்படம் எந்த மொழியில் வந்தாலும் விடுவதில்லை. சமீப ஆண்டுகளில் பார்த்தவற்றில் எவை என்னைப் பிடித்து உலுக்கின, எவை கொட்டாவி விடவைத்தன என்று பேசத்தான் இந்த வீடியோ. முடிவுகளை வெளிப்படுத்த மாட்டேன், பயப்படாமல் கேட்கலாம்.

என் கட்சி இதுதான்: வீட்டின் அமைப்பு பார்ப்பவனுக்குத் தெரிந்தால்தான் பயம் வேலை செய்யும். சமையலறைக்கு எத்தனை வாசல், மாடிப்படி எங்கே திரும்புகிறது, எந்தத் தாழ்ப்பாள் சரியாக விழாது என்பதெல்லாம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். வழியே தெரியாத வீட்டில் பேய் எங்கிருந்து வந்தால் என்ன?

(திரையில்: இரவு. தெருவிளக்கின் கீழ் நிற்கும் காட்டெருமை.)

மலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோத்தகிரியிலும் குன்னூரிலும் இரவில் காட்டெருமைகள் வீட்டு வாசல்வரை வந்து நிற்கும். கரடிகள் விளக்குக்கு ஊற்றும் எண்ணெயின் வாசனைக்குக் கோயில் கதவையே உடைக்கும். தகரக் கூரைமேல் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) காய் விழுகிற சத்தமும், குரங்கு குதிக்கிற சத்தமும், மழையின் முதல் துளிகளும் வேறு வேறு என்று இங்குள்ள பிள்ளைகளுக்கும் தெரியும். தெரிந்த சத்தங்களுக்கு நடுவில் தெரியாத சத்தம் ஒன்று கேட்டால்தான் தூக்கிவாரிப்போடும்.

பக்கத்து வீட்டு அக்காவோடு ஒருநாள் இப்படி ஒரு மலைப் பங்களாப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. கதாநாயகி நேராகப் போய்த் திறக்கிறாள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "என்ன பெண் இவள்? ஜன்னல் வழியாக ஒருமுறை பார்க்க மாட்டாளா? வாசலில் காட்டெருமை நின்றால் என்ன செய்வாள்?" என்றார். அந்தப் படத்தைப் பற்றி அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எங்கும் படிக்கவில்லை. அந்த வீட்டில் யாரும் வாழ்ந்ததே இல்லை என்பதை அக்கா ஒரே காட்சியில் கண்டுபிடித்துவிட்டார்.

(திரையில்: கறுப்பு வெள்ளை. மழையில் நனையும் ஓட்டுக் கூரை, நடுமுற்றம்.)

இனி, பிடித்த படம். 2024 பிப்ரவரியில் வந்த 'பிரமயுகம்'. ராகுல் சதாசிவன் இயக்கிய மலையாளப் படம், முழுக்கக் கறுப்பு வெள்ளை. 17ஆம் நூற்றாண்டில் காட்டுவழியே தப்பி ஓடிவரும் பாணன் ஒருவன் இடிந்துபோன ஒரு மனைக்குள் நுழைகிறான். அங்கே இருப்பவர்கள் இரண்டே பேர்: வீட்டுக்காரர் கொடுமண் போற்றி, ஒரு சமையல்காரன். போற்றியாக மம்மூட்டி.

இந்தப் படம் முதலில் செய்கிற வேலை நம்மை அந்த வீட்டுக்குள் குடிவைப்பதுதான். முற்றம், திண்ணை, அடுப்படி, மேலே போகக்கூடாத இடம் எல்லாம் அரைமணி நேரத்தில் நமக்குப் பழகிவிடுகின்றன. மழையோ விடுவதாயில்லை. வண்ணம் இல்லாததால் சுவரின் ஈரமும் பாசியும் கண்ணில் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு ஒரு பகடை ஆட்டம் வருகிறது. பாணனிடம் பணயம் வைக்க எதுவும் இல்லை. உன் காலத்தைப் பணயம் வை என்கிறார் போற்றி. காய்கள் உருளுகின்றன. இசை உறுமவில்லை, யாரும் அலறவில்லை, எதிரே ஒரு கிழவர் வெற்றிலை மென்றபடி சிரிக்கிறார். அந்த ஆட்டம் முடியும்போது வாசல் அதே இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் அதன் வழியே வெளியேற முடியாது என்று நமக்கு உறைத்துவிடுகிறது. சாதி, அதிகாரம், பசி என்று நிறைய பேசுகிற படம்தான். அவையெல்லாம் அந்த வீட்டுக்குள்ளிருந்தே பேசப்படுவதால் பிரசங்கமாக ஒலிப்பதில்லை.

இதே இயக்குநர் 2022இல் எடுத்த 'பூதகாலம்' எனக்கு இன்னும் ஒரு படி மேல். ரேவதியும் ஷேன் நிகமும் அம்மா, மகன். சாதாரண வாடகை வீடு, தூண்கள் கிடையாது, தொங்கும் விளக்கு கிடையாது. அம்மாவுக்கு மனச்சோர்வு, மகனுக்கு வேலை இல்லை. கோளாறு வீட்டிலா, மனத்திலா என்ற சந்தேகத்தைப் படம் வெகுநேரம் அவிழ்க்காமல் வைத்திருக்கிறது. ரேவதிக்குக் கேரள அரசின் சிறந்த நடிகை விருது கிடைத்தது. பேய்ப்பட நடிப்பை விருதுக்குழுக்கள் கண்டுகொள்வதே அபூர்வம் என்பதால் அன்று எனக்குத் தனி சந்தோஷம்.

(திரையில்: கொடைக்கானல், குணா குகை. கம்பி வேலிக்கு அப்பால் மர வேர்கள்.)

'பிரமயுகம்' வெளியாகி ஒரே வாரத்தில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தது. அது பேய்ப்படமே அல்ல. ஆனாலும் அண்மையில் மலையில் நடப்பதாக வந்தவற்றில் என்னை அதிகம் நடுங்கவைத்தது அதுதான். 2006இல் கொச்சியை அடுத்த ஊரிலிருந்து கொடைக்கானலுக்கு வந்த நண்பர் கூட்டத்தில் ஒருவர் குகைப் பிளவுக்குள் விழுந்த உண்மைச் சம்பவம். ஆங்கிலேயர் காலத்தில் 'டெவில்ஸ் கிச்சன்' என்று அழைக்கப்பட்ட அந்த இடத்துக்கு, 1991இல் கமல்ஹாசனின் 'குணா' அங்கே படமாக்கப்பட்ட பிறகுதான் இன்றைய பெயர் வந்தது.

அந்தக் குழி எவ்வளவு குறுகல், எங்கே வளைகிறது, கயிறு எங்கே பாறையில் உரசும் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடமாகிவிடுகிறது. கலை இயக்குநர் அஜயன் சாலிசேரி குகையின் உட்புறத்தை அரங்கமாக அமைத்திருந்தார். பேயே இல்லாமல் ஒரு பள்ளம் இவ்வளவு பயமுறுத்த முடியும் என்றால், கோடிக்கணக்கில் செலவழித்து கணினியில் உருவாக்கிய கறுப்புப் புகையை யார் கேட்டார்கள்?

இந்த இடத்தில் தமிழ்ப் படங்களுக்கு வர வேண்டும். 'முனி', 'காஞ்சனா' வழியில் வளர்ந்த நகைச்சுவைப் பேய்ப்படங்களை நான் வெறுப்பதில்லை. குடும்பத்தோடு கத்திச் சிரித்துவிட்டு வரலாம். 2024இல் வந்த 'அரண்மனை 4' நன்றாக ஓடியது, ஓடட்டும். நான்கு பாகங்கள் முடிந்தும் எந்த அரண்மனைக்கும் ஒரு தரைப்படம் வரைய என்னால் முடியாது, அவ்வளவுதான்.

'டிமான்ட்டி காலனி' வேறு கதை. 2015இல் அஜய் ஞானமுத்து எடுத்த முதல் பாகத்தில் நான்கு நண்பர்கள், ஓர் அறை, ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. கதவு திறக்காது. அவ்வளவுதான் படம், அவ்வளவும் பயம். 2024இல் வந்த இரண்டாம் பாகம் கெட்டிக்காரத்தனமாக முடிச்சுப் போடுகிறது, ரசித்தேன். ஆனால் கதை அறையை விட்டு வெளியே பரந்துபோனதும் மூச்சுமுட்டல் போய்விட்டது. பயத்துக்குப் பதிலாகப் புதிர்.

2022இல் வந்த அஸ்வின் சரவணனின் 'கனெக்ட்', இடைவேளை இல்லாமல் பார்ப்பதற்காகவே எடுத்த படம். அந்தத் துணிச்சலுக்காகவே எனக்குப் பிடிக்கும். ஒரு மணி நேரம் பாடுபட்டுக் கட்டிய பயத்தை முட்டை பப்ஸ் பத்தே நிமிடத்தில் கலைத்துவிடும். ஊரடங்குக் காலம், வீடியோ அழைப்பு வழியே பேயோட்டுதல், திரைக்குள் தெரிகிற அந்த ஒரு சதுரத்தைத் தாண்டி நாம் எதையும் பார்க்க முடியாது. கதை பழசு. அந்தச் சதுரம் புதிது.

2025இல் அறிவழகன் இயக்கிய 'சப்தம்' மூணாறில் நடக்கிறது. நடிகர் ஆதி இதில் பேய்களை ஆராய்கிறவர், அவருடைய ஆயுதம் சத்தம். முதல் பாதியில் காது கூர்மையாகிவிடுகிறது. பின்பாதியில் யார், எப்போது, எதற்காக என்று நீண்ட விளக்கம் வந்து அத்தனையையும் மூடிவிடுகிறது. தமிழ்ப் பேய்களுக்குக் கட்டாயம் ஒரு முன்கதை வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். மலை என்றால் உடனே ஒரு பழங்குடி மந்திரவாதியைக் கொண்டுவந்து நிறுத்துகிற வழக்கம். 19ஆம் நூற்றாண்டில் சூனியம் வைத்ததாகச் சந்தேகப்பட்டு நீலகிரியில் குறும்பர்கள் கொல்லப்பட்டதை ஆங்கிலேயர் காலப் பதிவுகள் சொல்கின்றன. எலும்பு மாலையும் சாம்பல் பூச்சும் போட்டு நீங்கள் உட்காரவைக்கிற அந்தத் துணைநடிகருக்குப் பின்னால் இப்படியொரு சரித்திரம் இருக்கிறது. தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

(திரையில்: மரக்கதவின் நிலைப்படி. உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு.)

வெளிநாட்டுப் படங்களில் 2025ஆம் ஆண்டு நல்ல விளைச்சல். ரையன் கூக்ளரின் 'சின்னர்ஸ்', 1932ஆம் ஆண்டின் மிசிசிப்பி. பழைய மர அறுவை ஆலையை இரட்டைச் சகோதரர்கள் பாட்டும் நடனமும் நடக்கும் விடுதியாக மாற்றுகிறார்கள். இரத்தக் காட்டேரிகள் வாசலில் வந்து நிற்கின்றன. உள்ளே இருப்பவர் அழைக்காமல் அவை நிலைப்படியைத் தாண்ட முடியாது. ஒரே ஒரு விதி, ஒரே ஒரு வாசல். மரியாதையாகப் பேசி, அழைக்கச் சொல்லிக் கெஞ்சுகிற அந்தக் காட்சியில் என் உள்ளங்கை வியர்த்துவிட்டது.

சாக் கிரெக்கரின் 'வெப்பன்ஸ்' படத்தில் அதிகாலை 2:17 மணிக்கு ஒரே வகுப்பைச் சேர்ந்த 17 குழந்தைகள் வீட்டுக் கதவைத் தாங்களே திறந்துகொண்டு, கைகளை விரித்தபடி இருட்டில் ஓடி மறைகிறார்கள். எதுவும் உள்ளே வரவில்லை, பிள்ளைகள் வெளியே போகிறார்கள். இந்த ஒரு தலைகீழ் மாற்றம் போதும். கடைசியில் படம் சிரிக்கவும் வைக்கிறது. அது சிலருக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்தது.

தொடர்களுக்கு அதிக நேரம் கொடுக்கப் போவதில்லை, பெரும்பாலானவை தேவைக்கு மேல் நீள்கின்றன. 'ஃப்ரம்' தொடரில் வெளியேற வழியில்லாத ஓர் ஊர், இரவில் வரும் உருவங்கள், உள்ளே தாயத்து தொங்கி கதவும் ஜன்னலும் மூடியிருந்தால் தப்பலாம். அருமையான தொடக்கம். பிறகு கேள்விக்கு மேல் கேள்வி அடுக்கி, விடையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுகிறார்கள். மைக் ஃபிளானகனின் 2018ஆம் ஆண்டுத் தொடர் 'ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' இன்னும் முந்தி நிற்கிறது. காட்சிகளின் பின்புலத்தில், யாரும் சுட்டிக்காட்டாமல், மாடிப்படிக்கு அடியிலும் கதவோரத்திலும் உருவங்களை நிறுத்திவைத்திருக்கிறார்கள். வீட்டை நாமே துழாவிப் பார்க்க வேண்டியதாகிவிடுகிறது.

நம்மிடமும் இருந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்மதேசம்' தொடரின் 'விடாது கருப்பு' பகுதியை நினைத்துப் பாருங்கள். கோயில், வயல், குதிரைக் குளம்பொலி வருகிற பாதை என்று ஊரே நமக்கு அத்துப்படி. எழுத்தாளர் 2024 நவம்பரில் மறைந்தார். அந்த இடத்தை இன்றைய ஓடிடி தொடர்கள் எதுவும் நிரப்பவில்லை.

(திரையில்: தேயிலைச் சரிவின் கீழே, ஒரே கூரையின் கீழ் நீளும் தோட்ட லைன் வீடுகள்.)

கடைசியாக, படம் எடுப்பவர்களுக்கு ஒரு யோசனை. பங்களாவை விட்டுக் கீழே இறங்கி வாருங்கள். தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளை இதுவரை எந்தப் பேய்ப்படமும் உருப்படியாகக் காட்டி நான் பார்த்ததில்லை. மலையகத் தமிழர்களைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் பல இப்படிப்பட்ட வீடுகளில்தான் குடியேறின. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். இப்போது இளைஞர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, வரிசையில் இரண்டு மூன்று வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு கிழவி, அவர் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் காலியான வீடு. தினமும் இரவு எட்டு மணிக்கு அங்கே யாரோ உள்ளே வந்து கொக்கி மாட்டுகிறார்கள். கிழவிக்கு அந்தக் கொக்கிச் சத்தம் நன்றாகத் தெரியும், கொக்கி யாருடையது என்பதும் தெரியும். வெள்ளைப் புடவையும் வேண்டாம், புகை இயந்திரமும் வேண்டாம். யாராவது எடுப்பதாக இருந்தால் இடம் காட்ட நான் வருகிறேன்.

அடுத்த வீடியோவில் கொரியப் படங்கள். அதற்குள் 2024இல் வந்த 'எக்சுமா'வைப் பார்த்துவிடுங்கள். கல்லறை ஒன்றை இடம் மாற்றுகிற கதை, அதில் மண்ணைப் பார்த்து நிலத்தின் குணம் சொல்கிற பெரியவர் ஒருவர் வருகிறார். அவரைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கிறது.