கற்பூரவல்லிக்குப் பயமில்லை, சீந்திலுக்குக் கவனம் வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். மும்பையில் தோட்டம் என்றால் நம்மில் பலருக்கு ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கிரில்தான். அதில் நாலு தொட்டி வைத்தாலே சளிக்கும் இருமலுக்கும் கைமருந்து தயார்.

முதல் தொட்டி கற்பூரவல்லிக்கு. ஓமவல்லி என்றும் சொல்வோம். பக்கத்து வீட்டு மராத்திக்காரர்கள் பான் ஓவா என்பார்கள்; மழை பெய்கிற சாயங்காலம் கடலைமாவில் தோய்த்து பஜ்ஜி போடுவார்கள். இலை தடிமனாக, மேலே மெல்லிய சுணையோடு இருக்கும். லேசாகக் கசக்கினாலே ஓம வாசனை தூக்கும். ஓமத்தில் இருக்கிற தைமால் இதிலும் உண்டு, அதுதான் காரணம். இலையைப் பச்சையாகப் பிழிந்து கஷ்டப்பட வேண்டாம். சூடான தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் வாட்டுங்கள். துவண்டு, நிறம் மங்கியதும் விரலால் அழுத்தினாலே சாறு இறங்கிவிடும். தேனில் குழைத்துக் கொடுக்கலாம், ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. ஜூனில் மழை பிடித்துக்கொண்டதும் தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை எடுத்துவிடுங்கள். தண்ணீர் தேங்கினால் இந்தச் செடிக்கு வேர் அழுகிவிடும்.

அடுத்தது ஆடாதோடை, இங்கே அடுள்சா. ‘ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்’ என்று பழமொழியே உண்டு. கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு, ஆடுகூட வாய் வைக்காது. அதனால்தான் கிராமத்தில் வேலியோரம் நட்டார்கள். பழமொழி வெறும் பேச்சும் இல்லை. இந்த இலையில் உள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை அடிப்படையாக வைத்துத்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து உருவானது. கர்ப்பிணிகள் மட்டும் இதைத் தொடக் கூடாது. கருப்பையைச் சுருங்க வைக்கும்.

நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது சீந்தில் கொடியைப் பற்றி. மராத்தியில் குள்வேல். ராவண யுத்தத்தில் மாண்ட வானரங்களை எழுப்ப இந்திரன் அமிர்தம் தெளித்தானாம்; அவர்கள் உடம்பிலிருந்து சிந்திய துளிகள் விழுந்த இடத்தில் எல்லாம் இந்தக் கொடி முளைத்ததாம். அமிர்தவல்லி, சாகாமூலி என்றெல்லாம் பெயர். கதைக்கு ஆதாரம் கண்ணெதிரே இருக்கிறது: வெட்டிய தண்டைச் சும்மா தொங்கவிட்டாலும் துளிர்க்கும். வேப்பமரத்தில் ஏறிய சீந்திலுக்கு மதிப்பு அதிகம்.

கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று ஊரே இதைக் குடித்தது. 2021இல் மும்பை கல்லீரல் மருத்துவர்கள், சீந்தில் குடித்துவந்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததைப் பதிவு செய்தார்கள். ஆயுர்வேதம், சித்தா போன்ற வைத்தியங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அதே இனத்தைச் சேர்ந்த வேறு கொடியாக இருந்திருக்கலாம் என்றது. இரண்டு பக்கமும் வாதம் நடந்தது. என்னைக் கேட்டால், யார் சொன்னது சரி என்று தீரும்வரை தினசரி டம்ளர் கணக்கில் குடிப்பதை விடுவதுதான் புத்தி. நம் வைத்தியத்தில் எப்போதுமே ஆளைப் பார்த்து, அளவு பார்த்து, நாள் கணக்கு வைத்துத்தான் கொடுத்தார்கள்.

நல்ல சீந்திலின் இலை இதய வடிவில் இருக்கும். தண்டின் மேல்தோல் காகிதம் போல உரியும், உள்ளே பச்சை தெரியும். தண்டு முழுக்கப் பருப்பருவாகப் புடைத்திருந்தால் அது அந்த இன்னொரு கொடி, வாங்காதீர்கள். காய்ந்து பொடியாகிவிட்டால் எது எது என்று நம்மால் சொல்லவே முடியாது. ஏற்கெனவே கல்லீரல் கோளாறோ, தைராய்டு, முடக்குவாதம் மாதிரி உடம்பே உடம்பைத் தாக்கும் நோயோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

குடித்துவருகிறவர்களுக்குக் கண் மஞ்சளானால், சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனால், அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். சாப்பிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். அப்புறம், அந்தக் கொடியில் ஒரு துண்டையும் கையோடு எடுத்துப் போங்கள். வணக்கம்.